கொண்டை ஊசி - 9: கூகுள்ல, ஜிபிடிகிட்ட

இந்த வாரம் பேருந்து. சேலத்தில் வகுப்பு முடிந்து ஏற்காட்டுக்கு மலையேறும் பிள்ளைகளுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளும் மனப்பாடம். ஐந்தாவது வளைவுக்குள் பேச்சு சூடாகிவிடும். நானும் ஏறிய அன்றைக்குப் பேச்சு செயற்கை நுண்ணறிவு. (இந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. ‘ஏஐ’தான்.)

“அசைன்மென்ட் முடிச்சிட்டியா?”

“ஜிபிடிகிட்ட கேட்டேன்டா. அது ஆறு பக்கம் குடுத்துச்சு.”

“சரியான்னு கூகுள்ல பாத்தியா?”

கூகுள்‘ல’, ஜிபிடி‘கிட்ட’. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த வித்தியாசம் இது. மரத்துகிட்ட நிற்போம், மரத்துகிட்ட எதுவும் கேட்க மாட்டோம். கேட்கிற ‘கிட்ட’ உயிருள்ளவற்றுக்கு என்று வைத்திருந்தோம். 2022 நவம்பரில் வந்த ஒரு மென்பொருளுக்கு அதைத் தூக்கிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் ‘அவன் குடுத்தான்’ இல்லை, ‘அது குடுத்துச்சு’. நாய், மாடு, கைக்குழந்தை வரிசையில் இதற்கும் ஓர் இடம்.

“அது எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க?” என்று கேட்டேன்.

“சிட்டி மாதிரி சார்!”

‘எந்திரன்’ வந்த 2010இல் இவர்களுக்குப் பால்வாடி வயது. இருந்தும் கண்ணை மூடினால் ரஜினி முகமும் சிவப்புச் சிப்பும்தான். எனக்கோ ஜீனோ ஞாபகம் வந்தது. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இயந்திர நாய்; பேசும், புத்தகம் படிக்கும். இவர்களில் ஒருவரும் அந்தத் தொடரைப் படித்ததில்லை. கற்பனையில் சிட்டி, இலக்கணத்தில் ஜீனோ! ‘எந்திரன்’ வசனத்திலும் சுஜாதாவின் கை உண்டு. படம் வருமுன் 2008இல் போய்விட்டார்.

வேலை போய்விடுமா என்ற பேச்சும் வந்தது. எல்லாப் பேருந்திலும் வருவதுதான், விடுகிறேன்.

ஜன்னலோரம் நாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மலையாளி வீட்டுப் பிள்ளை. சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் தமிழ் பேசும் பழங்குடி, கேரளத்துக்காரர் அல்ல.

“எங்க ஜனங்களைப் பத்தி ப்ராஜெக்டுக்காக ஒரு ஆப்ல கேட்டேன் சார். ஓணம் கொண்டாடுவாங்கன்னுச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இயந்திரம் விழுங்கிய கோடிக்கணக்கான பக்கங்களில் ‘மலையாளி’க்குப் பக்கத்தில் பெரும்பாலும் கேரளம்தான் இருந்திருக்கும். எந்தச் சொல்லை அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுவதுதான் அதன் பிழைப்பு. இந்த மலையில் வாய்வழியே இருப்பவை அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

“அப்புறம்?”

“திட்டினேன். சாரி சொல்லுச்சு. மறுநாள் கேட்டா மறுபடியும் ஓணம்.”

“ப்ராஜெக்ட் என்னாச்சு?”

“பாட்டிகிட்ட உக்காந்து எழுதிட்டேன் சார். ஓணம்னதும் பாட்டி சண்டைக்கு வந்துருச்சு, ‘எவன்டி அப்படிச் சொன்னவன், கூட்டிட்டு வா’ன்னு.”