பினாங்கு புனித ஜோர்ஜ் தேவாலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பும்

முன்னுரை

மலேசிய இந்தியர் வரலாற்றைத் தோட்டங்களிலிருந்து தொடங்குவது நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. இரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே இந்தியரின் உழைப்பால் எழுந்த கட்டடங்கள் இந்நாட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்று பினாங்குத் தீவில், ஜோர்ஜ்டவுன் நகரின் பார்குவார் வீதியில் உள்ள புனித ஜோர்ஜ் தேவாலயமாகும். தென்கிழக்காசியாவில் ஆங்கிலிக்கன் வழிபாட்டிற்கெனவே கட்டப்பெற்ற தேவாலயங்களுள் இது மிகப் பழைமையானது.

தோற்றமும் சென்னைத் தொடர்பும்

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றமாக்கினார். தேவாலயம் 1818இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1819இல் கல்கத்தா ஆயர் மிடில்டன் அதனை அர்ப்பணம் செய்தார். 1816இல் பினாங்கு பிரீ பள்ளியை நிறுவிய பாதிரியார் ஹட்சிங்ஸ் இதன் உருவாக்கத்திலும் முன்நின்றவர். கட்டுமானத்தைக் கவனித்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். சில ஆண்டுகளுக்கு முன்னர் சென்னையில் எழுந்த புனித ஜோர்ஜ் பேராலயமே இதற்கு மாதிரியாக அமைந்தது. ஆகவே, இத்தேவாலயத்தின் வடிவம் வங்கக் கடலைக் கடந்து வந்தது எனலாம்.

உழைத்தோர்

வடிவத்தைப் போலவே உழைப்பும் கடல் கடந்து வந்ததே. 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பெற்ற கைதிகள் பினாங்கிற்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் அமைத்தனர்; இத்தேவாலயமும் அவர்களது உழைப்பில் எழுந்ததே. அவர்கள் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். ஆதலின் அனைவரையும் தமிழர் எனக் கொள்வது பொருந்தாது. அவர்களுள் தமிழரே இல்லை எனக் கொள்வதும் பொருந்தாது. 1873இல் நீரிணைக் குடியேற்றங்களில் எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்டதும் இம்முறை முடிவுற்றது.

மாற்றங்களும் பாதுகாப்பும்

தொடக்கத்தில் இருந்த தட்டைக் கூரை இங்குள்ள மழைக்கு ஏற்றதாக அமையவில்லை. 1864இல் சாய்வுக் கூரையாக மாற்றப்பெற்றது. முகப்பு வளாகத்திலுள்ள லைட் நினைவு மண்டபம் 1886இல் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கட்டடம் சேதமுற்றது. 1948இல் வழிபாடு மீண்டும் தொடங்கியது. 2007இல் இது தேசிய மரபுச் செல்வமாக அறிவிக்கப்பெற்றது. 2008இல் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதியைப் பெற்றது.

முடிவுரை

ஆளுநர், ஆயர், பொறியாளர் ஆகியோரின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துள்ளன. சுண்ணாம்பு குழைத்துச் செங்கல் அடுக்கியோரின் பெயர்கள் பொதுநினைவில் இடம்பெறவில்லை. மாணவரை இவ்வளாகத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், தூண்களின் அழகோடு அவற்றை நிறுத்திய கைகளையும் சுட்டுதல் வேண்டும். அப்போதுதான் இது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கட்டடமாக மட்டுமன்றி, மலேசிய இந்தியரின் தொடக்ககாலச் சான்றாகவும் அவர்களுக்கு விளங்கும்.