டமாரென்று விழும் கொமட் மூடி

பலெர்மோவின் பொலிதேயாமாப் பக்கத்துப் பழைய மாடிவீடுகளில் நடுச்சாமத்தில் கொமட் மூடி ‘டமார்’ என்று விழுந்தால் கீழ்வீட்டுக்காரரும் எழும்பிவிடுவார். சத்தத்தைக்கூடப் பொறுக்கலாம். நின்று சிறுநீர் கழிக்கப் பழகும் ஆண்பிள்ளையின் உறுப்பு இருக்கைக்குள் நசுங்கினால்? 2008இல் இங்கிலாந்தின் லெய்ட்டன் வைத்தியசாலை மருத்துவர்கள், 2 முதல் 4 வயதுக்குட்பட்ட 4 பிள்ளைகள் இப்படிக் காயப்பட்டு வந்ததை எழுதினார்கள். பாரமான மர இருக்கைகள் வேண்டாம், மெதுவாக இறங்குவதைப் பூட்டுங்கள் என்றார்கள்.

எங்கட வீடுகளில் பிள்ளைக்குத்தான் ஏச்சு விழும். மெதுவாக இறங்கும் கீலுக்குள் இருக்கும் பிசுக்கான எண்ணெய் மூடியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். கையால் அமத்தி மூடினால் அது பழுதாகும். பழுதானது ஒருநாள் திடீரென விழும், பிள்ளையோ மெதுவாக வரும் என்று நம்பி நிற்கும். வாங்க முதல் துளைகளின் இடைவெளியையும் கொமட்டின் நீள அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். இத்தாலியில் ஒன்றின் மூடி மற்றதுக்கு லேசில் பொருந்தாது.