அரியணை ஏறிய பெண்கள் – 6: கணவனுக்குக் காத்திராத அரசி

காஸ்தில் நாட்டு அரியணை இசபெல்லாவுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1451 ஏப்ரல் 22 அன்று மத்ரிகால் என்ற சிற்றூர் அரண்மனையில் அவள் பிறந்தபோது, மூத்த தாரத்து மகன் என்ரிகேவுக்கு 26 வயது, பட்டத்து இளவரசன். அவளுக்கு இரண்டு வயது நடக்கும்போது தம்பி அல்ஃபோன்ஸோ பிறந்தான். வயதில் இளையவன் என்றாலும் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்பது காஸ்தில் சட்டம். அவளுக்குப் பத்து வயதானபோது, அதற்குள் அரசனாகிவிட்ட அண்ணனுக்கு ஹுவானா என்று ஒரு மகள் பிறந்தாள். ஆக, அவளுக்கு முன்னால் மூன்று பேர். இதில் ஒருவன் அல்பாயுசில் போனான். ஒருவன் ஆண்டு முடித்துப் போனான். மூன்றாவது ஆளை இசபெல்லா தள்ளிவிட்டாள்.

அப்பா இரண்டாம் ஹுவான் 1454இல் இறந்ததும், இளைய தாரமான போர்ச்சுக்கல் இளவரசி தன் இரண்டு குழந்தைகளோடு அரேவலோ என்ற ஊருக்கு ஒதுங்கினாள். கணவன் போன துக்கத்தில் அவள் மனம் பேதலித்துப்போனது. அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தையலும் ஜெபமும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுத்தார்கள். ராஜதந்திரத்துக்கான லத்தீனை யாரும் சொல்லித்தரவில்லை. அரசியான பிறகு பேயாத்ரிஸ் கலிந்தோ என்ற அறிஞரை அழைத்து அதைத் தானே கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பத்து வயதானபோது குழந்தைகள் இருவரையும் அண்ணன் அரசவைக்கு வரவழைத்துக்கொண்டான். பாசத்தினால் அல்ல. பிரபுக்கள் கையில் அவர்கள் சிக்கினால் தனக்கு ஆபத்து என்று தெரிந்ததால்.

என்ரிகேவின் தலைவலி வேறு. முதல் மனைவியோடு 13 ஆண்டுகள் வாழ்ந்தும் தாம்பத்தியம் நடக்கவில்லை என்று திருச்சபையே அந்தத் திருமணத்தை ரத்து செய்திருந்தது. பிறகு மணந்த போர்ச்சுக்கல்காரிக்கு 1462இல் ஹுவானா பிறந்தபோது ஊர் வாயை மூட முடியுமா? அரசனின் செல்லப்பிள்ளை பெல்ட்ரான் தெ லா குவேவாதான் தகப்பன் என்று பேச ஆரம்பித்தார்கள். 'பெல்ட்ரானேஹா' என்ற பட்டப்பெயர் அந்தப் பெண்ணுக்கு இன்றைய பாடப்புத்தகம் வரை ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வம்பை நமக்கு விரிவாக எழுதிவைத்தவர்கள் பாலென்சியா, புல்கார் போன்றவர்கள். இருவருமே இசபெல்லா தரப்பில் சம்பளம் வாங்கிய வரலாற்றாசிரியர்கள். குழந்தை பிறந்த ஆண்டில் நாட்டின் பிரதிநிதிகள் சபை ஹுவானாவை வாரிசாக ஏற்றுச் சத்தியம் செய்தது. ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஞானத்தாயாக நின்றவளே இசபெல்லாதான். சட்டப்படி பார்த்தால் ஹுவானாவின் உரிமையே வலுவானது என்பது என் எண்ணம்.

பிரபுக்களுக்குச் சட்டமா முக்கியம்? அரசனின் பழைய நண்பன் பாசெகோவுக்கு, தன் இடத்தைப் பெல்ட்ரான் பிடித்துக்கொண்டானே என்ற எரிச்சல். 1465 ஜூன் 5 அன்று ஆவிலா நகர மதிலுக்கு வெளியே ஒரு மேடை போட்டார்கள். மேடைமேல் நாற்காலி. நாற்காலியில் துக்க உடை போர்த்திய பொம்மை. அதன் தலையில் கிரீடம், பக்கத்தில் வாள், கையில் செங்கோல். அதுதான் அரசன் என்ரிகே! குற்றப்பத்திரிகையை வாசித்தார்கள். தொலேதோ பேராயர் கரில்யோ எழுந்து வந்து கிரீடத்தைக் கழற்றினார். இன்னொரு பிரபு வாளை எடுத்தான், மற்றொருவன் செங்கோலைப் பிடுங்கினான். கடைசியில் பொம்மையை நாற்காலியோடு உதைத்துத் தள்ளினார்கள். அதே மேடையில் 11 வயது அல்ஃபோன்ஸோவை ஏற்றி, "அரசன் வாழ்க" என்று முழங்கினார்கள். காஸ்திலுக்கு இப்போது இரண்டு ராஜா.

அடுத்த ஆண்டு இந்தச் சண்டைக்கு ஒரு தீர்வு சொன்னான் பாசெகோ. தன் தம்பி பேத்ரோ ஹிரோனுக்கு இசபெல்லாவைக் கட்டிக்கொடுத்தால் சமாதானமாகப் போய்விடலாம் என்றான். மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிய வயது, பெண்ணுக்கு 15. என்ரிகேவும் தலையாட்டிவிட்டான். இசபெல்லா சாப்பிடாமல் தூங்காமல் ஜெபித்தாள் என்று எழுதுகிறார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஹிரோன் வழியிலேயே நோய் கண்டு இறந்துபோனான். கடவுள் கேட்டார் என்றார்கள் இவளுடைய ஆட்கள். விஷம் என்றார்கள் மற்றவர்கள்.

1468 ஜூலை 5. சிறுவன் ராஜா அல்ஃபோன்ஸோ 14 வயதில் கார்தெனோசாவில் இறந்தான். கொள்ளைநோய் பரவிய காலம். இங்கும் விஷப் பேச்சு கிளம்பியது. பிரபுக்கள் நேராக இசபெல்லாவிடம் வந்தார்கள். "நீங்களே இனி அரசி" என்றார்கள். 17 வயதுப் பெண் முடியாது என்றாள். அண்ணன் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் அரசரில்லை, வாரிசாக மட்டும் என்னை ஏற்கட்டும் என்றாள்.

இதை அடக்கம் என்றும் அண்ணன் பாசம் என்றும் புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று ஆண்டுகளாகத் தம்பியைப் பிரபுக்கள் எப்படி ஆட்டிவைத்தார்கள் என்று பார்த்தவள் அவள். உயிரோடு இருக்கிற அரசனைப் பிரபுக்கள் இறக்கலாம் என்று இன்று ஒப்புக்கொண்டால், நாளை தன்னையும் இறக்குவார்கள் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய அரசியல் முடிவு இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

அவள் கேட்டது கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று, கிசாந்தோ என்ற இடத்தில், கிறிஸ்துவுக்கு முன்பே செதுக்கப்பட்ட நான்கு கல் காளைகள் நிற்கும் வெட்டவெளியில் அண்ணனும் தங்கையும் சந்தித்தார்கள். என்ரிகே தன் மகளை ஒதுக்கிவிட்டு இசபெல்லாவை வாரிசாக அறிவித்தான். ஒரு நிபந்தனை: அவளை இஷ்டத்துக்கு விரோதமாகக் கட்டிவைக்கக் கூடாது, அவளும் அரசன் சம்மதமில்லாமல் யாரையும் மணக்கக் கூடாது.

ஒப்பந்த மை காய்வதற்குள் இரண்டு பக்கமும் அதை மீறத் தொடங்கின. போர்ச்சுக்கல் அரசன் ஐந்தாம் அஃபோன்ஸோவுக்கு அவளைத் தள்ளிவிட அண்ணன் முயன்றான். மனைவியை இழந்தவன் அவன். அவளைவிட 19 வயது மூத்தவன். பிரெஞ்சு அரசனின் தம்பிக்காகவும் தூது வந்தது. இசபெல்லா ரகசியமாகத் தேர்ந்தெடுத்தது அரகோன் இளவரசன் ஃபெர்டினாண்டை. அவளைவிட ஏறக்குறைய ஒரு வயது இளையவன், இரண்டாம் வழி உறவுக்காரன், ஏற்கெனவே போர்க்களம் கண்டவன்.

கல்யாணத்துக்கு முன்பே எழுதி வாங்கிய நிபந்தனைகளைப் படித்தால் மாப்பிள்ளை வீடு எவ்வளவு இறங்கி வந்தது என்பது தெரியும். அவன் காஸ்திலில்தான் வசிக்க வேண்டும். அவள் சம்மதமின்றி நாட்டை விட்டுப் போகக் கூடாது. பிள்ளைகளை வெளியே கொண்டுபோகக் கூடாது. வெளிநாட்டவருக்குப் பதவி தரக் கூடாது. அரகோன் அப்போது கத்தலோனியக் கலகத்தில் நொடிந்துபோயிருந்தது. அவர்களுக்குக் காஸ்தில் உறவு தேவைப்பட்டது, கையெழுத்துப் போட்டார்கள்.

எல்லையில் அண்ணனின் ஆட்கள் காவல். 1469 அக்டோபரில் ஃபெர்டினாண்ட் வியாபாரிகள் கூட்டத்தில் கோவேறு கழுதைக்காரன் வேஷத்தில் காஸ்திலுக்குள் நுழைந்தான். இரவில் தங்கிய இடங்களில் மிருகங்களுக்குத் தீனி வைத்தான், கூட வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினான். ஒரு கோட்டையில் யாரென்று தெரியாமல் காவலாளி எறிந்த கல் அவன் தலையை ஒட்டிப் போனதாம். வல்லாடோலிட் நகரத்தில் ஒரு தனியார் மாளிகையில் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல்முறை பார்த்துக்கொண்டார்கள். சில நாட்களிலேயே கல்யாணம் முடிந்தது.

உறவுமுறைத் திருமணத்துக்குப் போப்பின் அனுமதி வேண்டும். அன்றைய போப் தரவில்லை. கரில்யோ ஒரு அனுமதிக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன போப்பின் பெயரில் இருந்தது அது. போலி. பேராயருக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். இசபெல்லாவுக்குத் தெரியாது என்று சாதிக்கிறவர்கள் இன்றும் உண்டு. இத்தனை நிபந்தனைகளை வரிவரியாக எழுதி வாங்கியவள் இந்த ஒரு தாளை மட்டும் பார்க்காமல் விட்டாள் என்று நம்ப நான் தயாரில்லை. நான்காம் சிக்ஸ்துஸ் போப்பான பிறகு 1471இல்தான் உண்மையான அனுமதி எழுதப்பட்டது. அதற்குள் ஒரு பெண் குழந்தையே பிறந்துவிட்டிருந்தது.

கோபத்தில் என்ரிகே 1470இல் மறுபடி தன் மகளையே வாரிசாக அறிவித்தான். அடுத்த நான்கு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். கையில் காசில்லாமல் இளம் தம்பதி ஊர் ஊராக ஆதரவு திரட்டிய காலம் அது. அதில் ஒரு நட்பு மட்டும் முக்கியம். செகோவியா கோட்டையும் அதிலிருந்த அரசாங்கப் பொக்கிஷமும் ஆந்த்ரேஸ் தெ கப்ரேராவின் பொறுப்பில் இருந்தன. அவன் மனைவி பேயாத்ரிஸ் தெ பொபாதில்யா, அரேவலோ நாளிலிருந்து இசபெல்லாவின் தோழி.

1474 டிசம்பர் 11 இரவு மத்ரிதில் என்ரிகே இறந்தான். தெளிவான உயில் இல்லை. இசபெல்லா செகோவியாவில் இருந்தாள். ஃபெர்டினாண்டோ தூரத்தில், சரகோசாவில். செய்தி வந்ததும் துக்க உடையில் அண்ணனுக்குப் பூசை வைத்தாள். 13ஆம் தேதி உடையை மாற்றிக்கொண்டு, நகைகள் ஜொலிக்க, சான் மிகேல் தேவாலயத்துக்கு முன் போட்ட மேடையில் ஏறி உட்கார்ந்தாள். காஸ்தில் அரசி என்று கட்டியம் கூறினார்கள். ஊர்வலத்தில் அவளுக்கு முன்னால் குதிரையில் போன அவளுடைய அதிகாரி கார்தெனாஸ், உறையில்லாத வாள் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தான். உயிரை எடுக்கும் அதிகாரத்தின் சின்னம் அது. ஒரு பெண்ணுக்கு முன்னால் அது போவதைக் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். பொக்கிஷத்தின் சாவி அவளிடம் வந்துசேர்ந்தது.

விஷயம் கேட்டு ஃபெர்டினாண்ட் அதிர்ந்துபோனான். அரகோன் வழக்கப்படி பெண் ஆளவே முடியாது. அதுமட்டுமல்ல, அவன் தாத்தாவும் அவள் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். அந்த வம்சத்து ஆண் என்ற முறையில் காஸ்திலே தனக்குத்தான் என்று வாதாட அவனுக்கு இடமிருந்தது. அவன் வந்து சேரும்வரை அவள் காத்திருந்தால் அந்த வாதம் ஜெயித்திருக்கலாம். அவன் வந்தபோது அரசி ஏற்கெனவே அரசி. 1475 ஜனவரி 15 உடன்படிக்கையில் இருவர் பெயராலும் ஆணைகள் வரும், அவன் பெயர் முதலில், அவள் நாட்டின் சின்னம் முதலில் என்று முடிவானது. ஆனால் காஸ்தில் கோட்டைகள் அனைத்தும் விசுவாசப் பிரமாணம் எடுப்பது அவளுக்கு மட்டுமே. கணவனுக்குக் கௌரவத்தைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை அவள் வைத்துக்கொண்டாள்.

போர் வந்தது. போர்ச்சுக்கல் அரசன் அஃபோன்ஸோ தன் தங்கை மகளான 13 வயது ஹுவானாவை மனைவியாக அறிவித்துப் படையோடு நுழைந்தான். தனக்குரிய மரியாதை கிடைக்கவில்லை என்று கரில்யோவும் அவன் பக்கம் போனார். மாதக்கணக்கில் குதிரைமேல் அலைந்ததில் இசபெல்லாவுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. தேவாலயங்களின் வெள்ளியில் பாதியைக் கடனாக வாங்கிப் படைக்குச் சம்பளம் கொடுத்தாள். 1476 மார்ச் 1 அன்று தோரோவில் மழையிலும் இருட்டிலும் நடந்த சண்டையில் ஃபெர்டினாண்ட் போர்ச்சுக்கல் அரசனை விரட்டினான். போர்ச்சுக்கல் இளவரசனோ காஸ்தில் படையின் இன்னொரு பக்கத்தை நொறுக்கிவிட்டுக் களத்திலேயே நின்றான். ராணுவக் கணக்கில் அது சமநிலைதான். இசபெல்லா அதை வெற்றி என்று அறிவித்தாள். நகரங்களுக்குக் கடிதங்கள் பறந்தன. தோர்தேசில்யாஸில் வெறுங்காலோடு நடந்துபோய்க் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அடுத்த மாதமே சபையைக் கூட்டித் தன் மகளை வாரிசாக ஏற்கச் செய்தாள். சண்டை முடிந்த விதத்தைவிட அது சொல்லப்பட்ட விதம் போரைத் தீர்மானித்தது.

கடலில் போர்ச்சுக்கல்காரர்கள்தான் ஜெயித்தார்கள். அதனால் 1479இல் அல்காசோவாஸ் ஒப்பந்தத்தில் ஆப்பிரிக்கக் கரையோரக் கடல்வழி அவர்களுக்குப் போனது. காஸ்திலுக்குக் கேனரித் தீவுகள். அந்த ஆப்பிரிக்க வழியில்தான் 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தான். தெற்கே வழி அடைபட்டதால் காஸ்தில் கொலம்பஸை மேற்கே அனுப்பியது.

ஹுவானாவுக்கு இரண்டு வழிகள் கொடுத்தார்கள். இசபெல்லாவின் ஒரு வயது மகன் வளரும்வரை காத்திருந்து அவனைக் கட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் மடம். அவள் கோயிம்பிராவில் கன்னியாஸ்திரியானாள். 1530இல் சாகும்வரை கடிதங்களில் 'நான், அரசி' என்றே கையெழுத்திட்டாள்.

1480இல் இசபெல்லாவுக்கு 29 வயது; எதிர்க்க ஆளில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் அவளும் ஃபெர்டினாண்டும் செவில்யாவுக்கு இரண்டு டொமினிக்கன் துறவிகளை மத விசாரணை அதிகாரிகளாக நியமித்தார்கள். அந்த நியமனம் என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.