உன் பாட்டன் எங்கே பிறந்தான்?

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் ஒன்று எங்கள் வயலுக்கு அருகே குடியேறியது. அப்போது எனக்கு 14 வயது. காடு வெட்டி, கொட்டில் போட்டு, மழையை நம்பிக் கச்சானும் உழுந்தும் விதைத்தார்கள். அருவி வெட்டுக் காலத்தில் எங்களிடம் கூலிக்கு வருவார்கள். அந்தத் தாய் என் தந்தையை ‘ஐயா’ என்பார். அவரை நாங்கள் பெயர் சொல்லியே கூப்பிட்டோம். தேநீர் கொடுக்க அவருக்கென்று வேறாக ஒரு பேணி இருந்தது. ‘வந்தான் வரத்தான்’ என்று ஊரார் பேசியதை அவர் கேளாதவர் போல இருப்பார்.

ஒருநாள், “நீங்கள் இந்தியாவோ?” என்று கேட்டேன். “இல்ல தம்பி. நானும் எங்கப்பாவும் கண்டிப் பக்கந்தான் பொறந்தோம். காயிதந்தான் இல்ல” என்றார்.

அந்தக் ‘காயிதத்தின்’ கதையைப் பின்னரே அறிந்தேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கு பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயன் காம்பிராக்களில் பிறந்த பலரிடம் பிறப்புப் பத்திரம் இருக்கவில்லை. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் இரு நாடுகளின் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

1996இல் கிளிநொச்சிப் பக்கமிருந்து நாங்கள் ஓடியபோது, தன் வளவில் எங்களுக்கு இடம் தந்தவர் அந்தத் தாயின் மகன். “எவ்வளவு நாளைக்கு?” என்று அவர் கேட்கவில்லை. அவர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில்தான் தேநீர் வந்தது. அன்று என் தந்தை தலை குனிந்திருந்தார்.

2009இல் முகாமில் எங்களிடமும் அதே கேள்விகள் வந்தன. எங்கே பிறந்தாய்? காணி உறுதி எங்கே? அடையாள அட்டை எங்கே? எல்லாம் பதுங்கு குழியோடு போயிற்று. பிறந்த மண்ணில் பத்திரமில்லாமல் நிற்பது எப்படி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. ஆனால் சட்டம் மாறினாலும் வாய் மாறுவதில்லை. மீள்குடியேறிய பின்னர், அந்தக் குடும்பத்தின் காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டபோது, “வந்தவைக்கு ஏன் காணி?” என்று சொன்னவர்களும் அகதிகளாக அலைந்தவர்களே.

அவர்கள் 1977 முதல் அந்த நிலத்தைச் செய்கிறார்கள் என்று கிராம அலுவலர் முன் நான் சாட்சி சொன்னேன். செய்தது பெரிய உதவியல்ல, பழைய கடன்.

உங்கள் பிள்ளைகளின் பிறப்பைப் பதியுங்கள். பத்திரங்களின் பிரதிகளை வேறோர் இடத்திலும் வையுங்கள். அயலவரிடம் பத்திரம் இல்லையென்றால், நீங்கள் கண்டதை அவருக்காகச் சொல்லுங்கள். நாளை எமக்காகச் சொல்லவும் ஒருவர் வேண்டுமல்லவா?