இனிக்காத சர்க்கரைகள் – 7: பன்றிக்குடலும் நொதிகளும்

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்கு ஹெபரின் ஏற்றிய சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சுத் திணறியது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் அந்த மருந்தில் கலப்படம் இருந்தது பிறகு தெரிந்தது. 80க்கும் மேற்பட்ட மரணங்கள் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. கலந்திருந்தது, அளவுக்கு மீறிச் சல்ஃபேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்டின். மலிவான சரக்கு; ஆனால் ஹெபரினைப் போல அதுவும் சர்க்கரைச் சங்கிலிதான், ரத்தம் உறைவதை அதுவும் தடுக்கும். எனவே அன்றைய வழக்கமான சோதனைகளை எளிதாகத் தாண்டிவிட்டது. ஹெபரின் எடுக்கப்படுவது பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து. உலகத் தேவையில் பெரும்பங்குக்குச் சீனாதான் மூலம். அங்கே அதற்குச் சற்று முன்புதான் பன்றிகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் கலப்படம் தலைகாட்டும் என்பதற்கு மருந்து மட்டும் விதிவிலக்கா என்ன?

பன்றியே வேண்டாம் என்று வேதியியலாளர்கள் முன்பே முயன்று பார்த்தார்கள். ஹெபரினின் உயிர்நாடியான ஐந்து சர்க்கரைத் துண்டை மட்டும் ஆய்வகத்தில் கட்டி உருவாக்கிய ஃபோண்டபாரினக்ஸ் 2001இல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆனால் அதற்குச் சுமார் 50 படிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு சர்க்கரையிலும் ஒன்றுபோலத் தோன்றும் பல ஹைட்ராக்சில் முனைகள் உண்டு. ஒன்றில் மட்டும் சல்ஃபேட் ஏற்ற மற்றவற்றையெல்லாம் மூடி, பிறகு திறக்க வேண்டும். படிக்குப் படி சரக்கு கரைந்துகொண்டே போகும். 2011இல் வட கரோலைனாவின் ஜியான் லியூவும் ரென்சிலர் நிறுவனத்தின் ராபர்ட் லின்ஹார்ட்டும் தங்கள் குழுவினருடன் வேறு வழி காட்டினார்கள். எளிய இரட்டைச் சர்க்கரை ஒன்றில் தொடங்கி, நொதிகளைக் கொண்டு இரண்டு சிறு ஹெபரின்களை 10, 12 படிகளில் முடித்தார்கள். விளைச்சல் 45, 37 சதவீதம்.

படிகள் குறைந்ததைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நொதிகளின் வரிசை ஒழுங்கு. நம் செல்லுக்குள் நடக்கும் வேலையைத்தான் இவர்கள் கண்ணாடிக் குடுவைக்குள் நடத்தினார்கள். சில நொதிகள் சங்கிலியை நீட்டும். ஒன்று நைட்ரஜன் மேல் சல்ஃபேட் ஏற்றும். அந்த அடையாளம் இருந்தால்தான் அடுத்த நொதி கைவைக்கும். அந்த அடுத்த நொதி, சங்கிலியில் இருக்கும் குளுகுரோனிக் அமிலம் என்னும் சர்க்கரையை ஐடுரோனிக் அமிலமாகத் திருப்புகிறது. சிக்கல் என்னவென்றால், அது திரும்பிப் பழையபடியும் ஆகலாம். அதனால் அதே குடுவையில் இன்னொரு நொதியையும் சேர்த்துவிடுகிறார்கள். திரும்பிய சர்க்கரையில் அது சல்ஃபேட்டை ஏற்றிப் பூட்டிவிடுகிறது. பிறகு பின்வாங்க வழியில்லை. தனித்தனியே விட்டால் அரைகுறையாக நிற்கும் வேலை, இருவர் சேர்ந்தால் முடிகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதமான ஆன்டித்ராம்பினைப் பிடிக்கத் தேவையான அரிய சல்ஃபேட்டைக் கடைசி நொதி வைக்கிறது.

செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். சல்ஃபேட்டைச் சுமந்துவரும் பாப்ஸ் என்னும் துணைமூலக்கூறு விலை மிக்கதுதான். ஆனால் அதைத் தீரத்தீர வாங்க வேண்டியதில்லை. மலிவான வேறொரு சல்ஃபேட் சேர்மத்திலிருந்து எடுத்து மறுபடி நிரப்பவும் ஒரு நொதி இருக்கிறது. சோதனையைக் கடுமையாக்கினால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. 2008க்குப் பிறகு கடுமையாக்கினார்கள்தான். ஆனால் பன்றியிலிருந்து வருவது பல நீளச் சங்கிலிகளின் கலவை. கலவைக்குள் புதிய கலப்படம் ஒளிந்துகொள்ள இடம் எப்போதும் உண்டு. ஒரே எடை, ஒரே அமைப்பு கொண்ட மூலக்கூறில் அந்த இடம் மிகக் குறைவு. அளவு பற்றிய ஆட்சேபணைக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். உலகம் ஆண்டுக்குக் கேட்பது டன் கணக்கில். 2017இல் இதே குழு 12 சர்க்கரை கொண்ட ஹெபரினைச் செய்து காட்டியது கிராம் கணக்கில். ஆனாலும் அதில் ஒரு லாபம் இருக்கிறது. ரத்தக்கசிவு வந்தால் ஃபோண்டபாரினக்ஸை, ஹெபரினுக்கு முறிமருந்தான புரோட்டமினால் முறிக்க முடியாது. இந்த 12 சர்க்கரை ஹெபரினை முறிக்க முடியும் என்று விலங்குகளில் நிரூபித்தார்கள். ஆகவே பன்றிக்குடலை இந்த நொதிகள் நாளையே ஓய்வு பெறச் செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். பன்றி ஹெபரினை வெட்டிச் செய்யும் குறுஞ்சங்கிலி ஹெபரின்களின் இடத்தைத்தான் அவை முதலில் பிடிக்க வேண்டும்.