உங்களுக்குத் தெரியுமா? செயின்ட் ஹெலினாவுக்குப் போகுமுன்…

நெப்போலியனை அடைத்து வைக்க ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த செயின்ட் ஹெலினா தீவு, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கி.மீ. தள்ளி, தெற்கு அட்லாண்டிக் கடலில் கிடக்கிறது. 2017 வரை வெளியாருக்குக் கப்பல்தான் கதி. இப்போது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானம் உண்டு. ஆனால் ஓடுதளத்தில் காற்று சுழற்றியடித்தாலோ மேகம் இறங்கினாலோ பயணம் தள்ளிப்போகும். ஆகவே திரும்பி வரும் மறுநாளே கல்யாணம், நேர்காணல் என்று எதையும் ஒப்புக்கொண்டு வைக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். அவசரத்துக்கு விமானத்தில் வெளியே கொண்டுபோகும் செலவும் அதில் அடங்கவேண்டும். பிரிட்டிஷ் பவுண்டு நோட்டு அங்கே செல்லும். தீவின் பவுண்டுக்கும் அதே மதிப்புதான். ஆனால் தீவின் நோட்டு வெளியூரில் செல்லாது, மிச்சத்தைக் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். கார்டை மட்டும் நம்பாமல் ரொக்கமும் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

திமிங்கலச் சுறாவோடு நீந்த ஆசையா? ஜனவரி முதல் மார்ச் வரை போகலாம். ஜேம்ஸ்டவுனில் 699 படிகள் கொண்ட ஜேக்கப்ஸ் லேடர் செங்குத்தானது. முட்டி வலிக்காரர்கள் கீழே நின்று பார்த்தாலே போதும்.

சாலையில் எதிரே வரும் ஓட்டுநர் கையசைப்பார். நீங்களும் அசையுங்கள், அதுதான் அந்த ஊர் மரியாதை.