குளிர் ஜுரமா? கஷாயத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை!

வத்தலக்குண்டைத் தாண்டி கொடைக்கானல் பஸ் மலையேற ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. ‘இத்தனை செடி இருக்கே, மலேரியாவுக்கு மருந்து இல்லாமலா போகும்?’ என்று தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான். மலேரியாவின் இரண்டு பெரிய மருந்துகளுமே தாவரங்கள் தந்தவை!

முதலாவது, கொயினா. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் அந்த மரத்தை நீலகிரியில் நட்டார்கள். வால்பாறை பக்கம் ‘சின்கோனா’ என்றே ஓர் ஊர் உண்டு.

இரண்டாவது, ஆர்ட்டிமிசினின். இதைக் கண்டுபிடித்தவர் தூ யூயூ என்ற சீனப் பெண்மணி. குளிர் ஜுரத்துக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி பழைய வைத்திய நூல் ஒன்று சொன்னது. ‘ஏன் காய்ச்சச் சொல்லவில்லை?’ என்று யோசித்தார். சூட்டில் மருந்துச் சத்து கெட்டுவிடுமோ? குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு பிரித்தார். 1971 அக்டோபரில், 191-வது மாதிரி எலிகளிடம் இருந்த மலேரியாக் கிருமிகளை அடியோடு ஒழித்தது. மறு வருஷம் தாமே அதைச் சாப்பிட்டுப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு வந்தது.

பூக்காரம்மா கூடையில் மணக்கிறதே மரிக்கொழுந்து, அதுவும் அந்தச் செடியின் இனம்தான். அதற்காக அதைக் கொதிக்க வைத்துக் குடித்துவிடாதீர்கள்! ஒரே இனம் என்றாலும் சத்து வேறு. அசல் சீனச் செடியின் இலையைக்கூட டீ போட்டுக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. ஒரு டம்ளரில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? அளவு குறைந்தால் கிருமி சாகாது, மருந்துக்கே பழகிவிடும்.

நம்ம வீட்டு நிலவேம்பும் அப்படித்தான். சோதனைக் குழாயில் அதன் சாறு மலேரியாக் கிருமியை ஓரளவு அடக்குவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் குழாய் வேறு, குழந்தையின் உடம்பு வேறு.

அதனால், குளிர் நடுக்கத்தோடு ஜுரம் வந்தால் ‘கஷாயம் கொடுத்து ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று இருக்காதீர்கள். ஒரு வகை மலேரியா 24 மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம்.

மலேரியா என்று தெரிந்தால், டாக்டர் சொன்ன நாள் வரை மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். ஒரு வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்ப வரும். அதை விரட்டத்தான் 14 நாள் மாத்திரை. ‘ஜுரம்தான் நின்னுடுச்சே’ என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மலையில் மருந்து இருக்கலாம். அதைத் தேடி, பிரித்து, அளந்து கொடுப்பது விஞ்ஞானிகள் வேலை. நம் வேலை, நேரத்தோடு டாக்டரிடம் போவது!